வெண்மணலில் நடந்தவர்கள்

ரோட்டை மூடிவிட்டார்கள். லாஸ் குரூசஸ் ஊரைத் தாண்டி, சான் அகஸ்டின் கணவாயில் ஏறி இறங்கியதும் எழுபதாம் நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. மச்சான் எஞ்சினை அணைத்துவிட்டு, "ஏவுகணைச் சோதனை. ஒரு மணி நேரம் ஆகும்" என்றார். நம்மூரில் ரயில் கேட் போட்டிருக்கிறார்கள் என்று சொல்வோமே, அதே குரல்.

அம்மா உடனே புளிச்சோற்று டப்பாவைத் திறந்தார். ஜொகூரிலிருந்து பெட்டியில் வந்த புளி. அக்காவின் மகன் எட்டு வயது, மகள் நான்கு. சின்னவள் சாப்பாட்டைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் மறந்துவிட்டாள். பெரியவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, யாரைச் சுடுறாங்க?"

"யாரையும் இல்லடா. சும்மா சுட்டுப் பாக்குறாங்க."

"சும்மாவா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடந்த மார்ச்சில், பிள்ளைகளின் வசந்த விடுமுறைக்கு எல் பாசோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். பிள்ளைகள் மணலில் சறுக்க வேண்டும் என்றார்கள். நியூ மெக்சிகோவின் ஒயிட் சேண்ட்ஸ் தேசியப் பூங்கா ஒன்றரை மணி நேரப் பயணம். அந்தப் பூங்காவைச் சுற்றிலும் அமெரிக்க ராணுவத்தின் ஏவுகணைத் தளம் இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அதற்காக நடுரோட்டில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பது வேறு.

முதலில் வந்தது பூங்காதான். பக்கத்து ஊரான அலமொகோர்டோவில் டாம் சார்ல்ஸ் என்றொரு காப்புறுதி முகவர் இருந்தார். இந்த மணலைப் பார்க்க உலகமே வரும் என்று பல ஆண்டுகள் எல்லாரையும் நச்சரித்து, கடைசியில் 1933 ஜனவரியில் அதிபர் ஹூவரின் கையெழுத்தை வாங்கிவிட்டார். தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு அவரே முதல் காவலரும் ஆனார். அது தேசியப் பூங்காவாக உயர்ந்தது 2019 டிசம்பரில். இடையில் 1942ல் விமானப்படை குண்டு வீசிப் பழக இந்தப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டது. 1945 ஜூலை 9ஆம் தேதி ஏவுகணைத் தளம் உருவானது. மொத்த மணல்வெளி ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் குறைவுதான் பூங்காவுக்குள் வருகிறது, மீதி ராணுவத்திடம். மணலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வேகமான மேடுகள் ஆண்டுக்கு 30 அடிக்கும் மேல் நகர்ந்து, வேலியைப் பற்றிக் கவலைப்படாமல் போய்க்கொண்டே இருக்கின்றன.

ரோடு திறந்து உள்ளே நுழைந்ததும் சின்னவள் "ஸ்னோ!" என்று கத்தினாள். தப்பில்லை. பூங்காவுக்குள் போகும் பாதையில் மணலை ஒதுக்கி ஓரமாகக் குவித்திருப்பார்கள், பனிநாட்டு ரோடு போலவே இருக்கும். ஆனால் இது பனியும் இல்லை, நாம் கடற்கரையில் பார்க்கும் மணலும் இல்லை. ஜிப்சம். நான் சிவில் எஞ்சினியர், எனக்கு இது சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், அலுவலகக் கூரையில் பதிக்கும் பலகை. மூட்டையில் பார்த்த சாமானை அடிவானம் வரைக்கும் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது.

ஜிப்சம் தண்ணீரில் கரையும். அதனால் மலையில் இருக்கும் ஜிப்சம் எல்லாம் மழையில் கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். டுலரோசா பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போக ஆறு கிடையாது. பனியுகத்தில் இங்கே ஓட்டெரோ என்று இப்போது பெயர் சூட்டியிருக்கும் பெரிய ஏரி இருந்தது. மலையிலிருந்து வந்த நீர் அங்கேயே தேங்கி, பிறகு வறண்டு, செலினைட் படிகங்களை விட்டுச் சென்றது. வெயிலும் பனியும் காற்றும் அவற்றை உடைத்துத் தூளாக்கின. உலகில் இதைவிடப் பெரிய ஜிப்சம் மணல்வெளி இல்லை. மேடுகளுக்கு அடியில், தோண்டினால் எட்டும் ஆழத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அந்த ஈரம்தான் மேடுகளின் அடிப்பாகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சாதாரண மணல் போல் இது சுடாது, கோடையிலும் வெறுங்காலோடு நடக்கலாம். சின்னவள் வந்ததும் சிலிப்பரைக் கழற்றி எறிந்துவிட்டாள்.

பிள்ளைகள் வட்டமான பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்கினார்கள். தட்டின் அடியில் மெழுகு தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். தேய்க்கும் வேலை எனக்கு. மெழுகு தேய்த்துக்கொண்டே பெரியவனுக்கு நான் சொன்ன கதைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

1930களின் தொடக்கத்தில் எல்லிஸ் ரைட் என்னும் வேட்டைக்காரர் இந்த மணல்வெளியின் மேற்கே, காய்ந்த ஏரிப்படுகையில் மிகப்பெரிய காலடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் 22 அங்குல நீளம். ராட்சத மனிதன் நடந்து போயிருக்கிறான் என்றே எல்லாரும் நம்பினார்கள். அது தரையில் வாழ்ந்த ராட்சத ஸ்லாத்தின் தடம் என்பது பிறகுதான் தெரிந்தது. பின்னங்காலில் எழுந்து நின்றால் மனிதனைவிட உயரமான, இப்போது முற்றாக அழிந்துவிட்ட விலங்கு. மனிதத் தடங்களும் அங்கே இருந்தன. ஆனால் அவை எல்லா நாளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மண்ணில் ஈரம் சரியான அளவில் இருக்கும் சில நாட்களில் மட்டும் நிறம் மாறித் தெரியும், காய்ந்தால் மறைந்துவிடும். அங்கே வேலை செய்பவர்கள் இவற்றைப் பேய்த்தடம் என்றே அழைக்கிறார்கள். பூங்காவின் வள மேலாளர் டேவிட் பஸ்டோஸ் விடாமல் அலைந்து பார்த்து, மற்ற ஆய்வாளர்களை அழைத்து வந்தார்.

2021 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. சில தடங்களுக்கு வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள். அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதன் வந்து சுமார் 13,000 ஆண்டுதான் என்று நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. அந்தக் கணக்குக்கு ஆதாரமாக இருந்த கல் ஆயுதங்களுக்குப் பெயர் கொடுத்த க்ளோவிஸ் என்ற ஊரும் இதே நியூ மெக்சிகோவில்தான் இருக்கிறது. உடனே சண்டை ஆரம்பித்தது. வயதைக் கணித்தது தண்ணீரில் வளரும் ஒரு புல்லின் விதைகளை வைத்து. நீர்த்தாவரம் நிலத்தடி நீரிலிருந்து பழைய கார்பனை உறிஞ்சியிருந்தால் வயது கூடுதலாகக் காட்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. ஆய்வுக் குழு சண்டைக்குப் போகாமல் மறுபடி தோண்டப் போனது. ஒவ்வொரு மாதிரிக்கும் சுமார் 75,000 மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுத்தது. நிலத்தில் வளரும் ஊசியிலை மரங்களின் மகரந்தம், பழைய கார்பன் பிரச்சினை இல்லாதது. கூடவே மணலின் குவார்ட்ஸ் துகள்கள் கடைசியாக வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆனது என்றும் அளந்தது. 2023ல் முடிவு வந்தபோது எண்கள் ஒத்துப்போயின. 2025ல் இன்னொரு குழு ஏரிச் சேற்றை வைத்துச் செய்த ஆய்விலும் ஏறக்குறைய அதே வயது. இன்னமும் ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்த்து முடிவு எழுதும் என் போன்றவனுக்கு இந்த மூன்று வழிச் சோதனை பிடித்திருக்கிறது.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு தடம். 2020ல் வெளிவந்த ஆய்வு அது. சேற்றில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒருவர் நடந்து போயிருக்கிறார். சின்னப் பாதம். பெண்ணாக இருக்கலாம், வளரும் பையனாகவும் இருக்கலாம். வேகம் வினாடிக்கு 1.7 மீட்டர், வழுக்கும் சேற்றில் அது நல்ல வேகநடை. போகும்போது சில இடங்களில் மூன்று வயதுகூட ஆகாத ஒரு குழந்தையின் காலடி திடீரென்று பக்கத்தில் முளைக்கிறது, பிறகு காணாமல் போகிறது. இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் தூக்கிக்கொண்டிருக்கிறார். சுமையின் காரணமாகப் பாதம் திரும்பி வழுக்கிய அடையாளம்கூடத் தெரிகிறது. அதே நபர் சில மணி நேரத்தில் அதே வழியில் திரும்பியிருக்கிறார். திரும்பும்போது குழந்தையின் தடம் இல்லை.

இடைப்பட்ட நேரத்தில் ஒரு மாமத் யானை அந்தத் தடத்தைக் கடந்தது. எந்த அவசரமும் காட்டாமல் நேராகப் போய்விட்டது. ஒரு ஸ்லாத்தும் வந்தது. அது மனித வாடை பிடித்ததோ என்னவோ, பின்னங்காலில் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது. இந்த நடை எப்போது நடந்தது என்று துல்லியமாகக் கணிக்கவில்லை. அந்த விலங்குகள் உயிரோடு இருந்த காலம் என்பதால் குறைந்தது 10,000 ஆண்டுகளுக்கு முன்.

"பாப்பாவை எங்க விட்டாங்க?" என்றான் பெரியவன்.

"தெரியாதுடா. தாத்தா பாட்டி வீட்டுல விட்டிருக்கலாம்."

"அப்ப அவங்க ஏன் வேகமா நடந்தாங்க?"

இந்தக் கேள்வியை அந்த ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

இந்த ஏரிப்படுகையில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் காலடிதான் அதிகம். ஸ்லாத்தின் காலடிக் குழியில் தேங்கிய தண்ணீரில் குதித்து விளையாடிய தடங்கள் உண்டு. 2025ல் வெளியான ஆய்வில் மண்ணில் இழுபட்ட நீண்ட கோடுகளைக் காட்டியிருந்தார்கள். சக்கரம் இல்லாத காலத்தில் மரக்கழிகளில் சாமான்களைக் கட்டி ஒருவர் இழுத்துப்போன அடையாளம் என்கிறார்கள், வயது சுமார் 22,000 ஆண்டுகள். அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலும் சின்னக் காலடிகள் போகின்றன. அப்பா சாமானை இழுக்க, பிள்ளைகள் கூடவே ஓடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மச்சான் அந்த நேரம் தண்ணீர்ப் போத்தல் பையையும் தட்டையும் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

தண்ணீர்ப் பையை அவர் கீழே வைக்கவே இல்லை. அதற்கும் காரணம் உண்டு. 2015 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதி இங்குள்ள நடைபாதையில் வெப்பத்தால் இறந்துபோனார்கள். கையில் இரண்டு சின்னப் போத்தல்தான் வைத்திருந்தார்கள். கூட வந்த ஒன்பது வயது மகன் பிழைத்தான். அப்பாவும் அம்மாவும் தங்களுக்கு ஒரு மடக்கு என்றால் அவனுக்கு இரண்டு மடக்கு கொடுத்துவந்ததால் பிழைத்திருக்கலாம் என்று ஷெரிப் சொன்னார். அக்கா இதை எல் பாசோவுக்கு வந்த புதிதில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

மேட்டின் உச்சியில் உட்கார்ந்தபோது அம்மா கேட்டார், "இங்கதான் அந்தக் குண்ட வெடிச்சுப் பாத்தாங்களா?"

இங்கே இல்லை, வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர். இதே டுலரோசா பள்ளத்தாக்கின் மேற்கு மலைத்தொடருக்கு அப்பால். டிரினிட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். 1945 ஜூலை 16, காலை 5.29. ஏவுகணைத் தளம் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. குண்டின் புளூட்டோனியக் கருவைப் பொருத்தியது ஒரு பண்ணை வீட்டின் படுக்கையறையில். மெக்டொனால்ட் குடும்பத்தின் வீடு. 1942ல் போருக்காக என்று சொல்லி அவர்களைப் போன்ற பண்ணைக்காரர்களை வெளியேற்றியிருந்தார்கள். போர் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் திரும்பவே இல்லை. அந்தக் குடும்பத்தின் டேவ் மெக்டொனால்ட் 1982ல், எண்பதைக் கடந்த வயதில், துப்பாக்கியோடு தன் பழைய நிலத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டார். பேசித்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பண்ணைக்காரர்களுக்கு முன்னால் இந்த மலைகள் அப்பாச்சி மக்களுடையவை என்பதையும் சொல்ல வேண்டும். 1880 ஏப்ரலில் விக்டோரியோவின் ஆட்கள் ராணுவத்தை எதிர்த்து நின்ற ஹெம்பிரிலோ பள்ளமும் இப்போது ஏவுகணைத் தள வேலிக்குள்தான் இருக்கிறது. யார் துரத்தினார்கள், யார் துரத்தப்பட்டார்கள் என்ற வரிசை இந்த ஊரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது.

வெடிச்சத்தம் கேட்டு ஜனங்கள் பயந்தார்கள். வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை என்று விமானத்தளம் அறிக்கை விட்டது. யாரையும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை, பிறகும் யாரையும் அப்புறப்படுத்தவில்லை. சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தவர்கள். பாலும் இறைச்சியும் காய்கறியும் சொந்த மண்ணிலிருந்தே. சாம்பல் அத்தனையிலும் விழுந்தது.

ருய்டோசோ என்ற மலையூரில் அன்றைக்குச் சில சிறுமிகள் நடன முகாமில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பார்பரா கென்ட்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. வானத்திலிருந்து வெள்ளையாக விழுந்ததைப் பனி என்று நினைத்து, ஜூலையில் பனியா என்று ஆச்சரியப்பட்டு, கையில் பிடித்து முகத்தில் பூசிக்கொண்டு விளையாடினோம், அது சில்லென்று இல்லை, சூடாக இருந்தது என்று முதுமையில் நினைவுகூர்ந்தார். தோழிகளில் பெரும்பாலானோர் இளம் வயதிலேயே இறந்துவிட்டதாகவும் சொன்னார்.

இதை நான் அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். காரணம் தாத்தா.

அம்மாவின் அப்பா குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1943ல், பதினேழு வயதில், ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இன்னும் பல இடங்களிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளிகளை அந்த ரயில் பாதை இழுத்துக்கொண்டது. 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பலரை விடவில்லை, பராமரிப்பு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். தாத்தா அதில் ஒருவர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. வீடு வந்து சேர்ந்தபோது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லையாம். ஜப்பான், போர் என்று பேச்சு வந்தாலே அவர் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "அந்தக் குண்டு விழலன்னா நீங்கல்லாம் ஏது?"

எங்கள் வீட்டில் அந்தக் குண்டு குலசாமி மாதிரி. ஹிரோஷிமா நாள் வந்து, பள்ளியில் காகிதக் கொக்கு செய்யச் சொன்னபோது நான் செய்தேன், வீட்டில் காட்டவில்லை. போர் முடிந்ததற்குக் குண்டு மட்டும்தான் காரணமா, சோவியத் படை மஞ்சூரியாவில் இறங்கியதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். அதைத் தாத்தாவிடம் சொல்லும் வயது எனக்கு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். வயது வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. புழு நெளியும் சோற்றைத் தின்று, பக்கத்தில் படுத்தவனைக் காலையில் பிணமாகத் தூக்கியவரிடம் மஞ்சூரியாவைப் பற்றி என்ன பேசுவது?

ஆனால் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்று உறுத்தியது. போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து வி-2 ராக்கெட்டுகளின் பாகங்களை ரயில் பெட்டி ரயில் பெட்டியாக இங்கே கொண்டுவந்தார்கள். 1946 ஏப்ரலில் முதல் வி-2 இங்கிருந்து கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்று மேலே போய், விண்வெளியிலிருந்து பூமியின் முதல் படத்தை எடுத்தது. அறிவியல் நூல்களில் பெருமையாகப் போடும் படம். அந்த ராக்கெட்டுகளை ஜெர்மனியில் கட்டியவர்கள் மிட்டெல்பாவ்-டோரா முகாமின் கைதிகள், சுரங்கத்துக்குள் செத்துச் செத்து வேலை செய்தவர்கள். தாத்தாவைப் போன்றவர்கள்தான். வேறு நாடு, வேறு முதலாளி. அவர்கள் செய்த சாமான் இங்கே வந்து பறந்தது.

அம்மாவிடம் சொன்னேன். சிறுமிகள், சாம்பல், தண்ணீர்த்தொட்டி எல்லாம். அமெரிக்க அரசு 1990ல் ஒரு சட்டம் போட்டு, நெவாடாவில் நடந்த அணுச் சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க ஆரம்பித்தது. முதல் குண்டின் கீழே வாழ்ந்த நியூ மெக்சிகோக்காரர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 2005ல் டீனா கோர்டோவாவும் பிரெட் டைலரும் டுலரோசா பள்ளத்தாக்கு மக்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் இறந்தவர்களுக்காக மெழுகுத்திரி ஏற்றினார்கள், வாஷிங்டனுக்கு அலைந்தார்கள். 2025 ஜூலையில்தான் சட்டம் திருத்தப்பட்டு அவர்களையும் சேர்த்தது, தலைக்கு ஒரு லட்சம் டாலர். குண்டு வெடித்து எண்பது ஆண்டுகள். பட்டியலில் பெயர் வருவதற்குள் எத்தனை வீடுகளில் கேட்க ஆளில்லாமல் போயிருக்கும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மணலைக் கையில் அள்ளி விரல் வழியாக விட்டுக்கொண்டிருந்தார். கீழே சின்னவள் ஒரு தட்டில் தலைகீழாகப் படுத்துச் சறுக்கி, முகம் முழுக்க மணலோடு எழுந்து சிரித்தாள்.

நாலு மணிக்கு மேல் காற்று எழுந்தது. மார்ச் காற்று இங்கே பொல்லாதது, மேட்டின் உச்சிகளிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி மணல் கிளம்பியது. தெரியாத பொருள் எதையும் மணலில் தொடாதீர்கள், வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை வரும்போதே பார்த்திருந்ததால் பெரியவன் கண்ட குச்சியையெல்லாம் சுற்றிக்கொண்டு நடந்தான். சின்னவள் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, தூக்கு." தூக்கினேன். பதினாறு கிலோ. நூறு அடிக்கு ஒருமுறை இடுப்பு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு தடவை கீழே இறக்கினேன், இரண்டு தடவையும் நாலு அடி நடந்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள்.

பின்னால் வந்த அம்மா கேட்டார், "அந்தப் பொண்ணுங்க மூஞ்சில பூசிக்கிட்டாங்கன்னு சொன்னியே. அவங்க அம்மாமாருங்க கிட்ட யாரு போயி சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. கிடங்கு வெடிச்சிருச்சின்னுதான் சொன்னாங்க."

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. மச்சான் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. அம்மா கைப்பையிலிருந்து துவாலையை எடுத்து, போத்தல் தண்ணீரில் நனைத்து, தூங்கிக்கொண்டிருந்த சின்னவளின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். கன்னம், காது மடல், புருவம், கழுத்து மடிப்பு. சின்னவள் சிணுங்கினாள். அக்கா, "விடுங்கம்மா, வீட்டுக்குப் போயி குளிப்பாட்டிக்கலாம், சும்மா மணலுதானே" என்றாள்.

அம்மா விடவில்லை. துவாலையைத் திருப்பிப்போட்டு மறுபடியும் துடைத்தார்.